வன்னியில் சொந்தப் பாட்டு மேடை: கருப்பொருள் வைத்தால் சனம் வருமா?

கேள்வி இதுதான்: "கிளிநொச்சியில் நாலு பேர் சேர்ந்து சொந்தமாகப் பாட்டுச் செய்கிறோம். நான் கிற்றார் வாசித்துப் பாடுவேன், மற்ற மூன்று பேரும் பெடியள். ஆறு பாட்டுக் கைவசம் இருக்கு. ஒரு கருப்பொருளை எடுத்து அதற்கேற்ற பாட்டுகளைத் தொகுத்து பிளேலிஸ்ற் போடவும், அதே கருவில் மேடை நிகழ்ச்சி ஒன்று செய்யவும் ஆசை. திருவிழாவில் சினிமாப் பாட்டு வாசிக்கிற கோஷ்டியைத் தவிர இங்கே வேறு எதற்கும் சனம் வராது என்று எல்லாரும் சொல்லுகினம். உண்மையா? எங்கே தொடங்குவது?"

சனம் வரும், தங்கச்சி. ஆனால் "எங்கட சொந்தப் பாட்டைக் கேட்க வாங்கோ" என்று கூப்பிட்டால் உங்கள் நாலு வீட்டுக்காரரும், பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்களும் வருவினம். "இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாய்ஞ்ச கதை, பத்துப் பாட்டில்" என்று கூப்பிட்டுப் பாருங்கள். வயல்காரர் வருவார், வாய்க்கால் கரையில் இருக்கிற அம்மா வருவா, குளத்தில் நீந்திப் பழகின பெடியள் வருவினம். ஒருதரும் கேட்டறியாத பாட்டுக்கு ஆளைக் கொண்டு வருவது அந்தப் பாட்டு எதைப் பற்றியது என்கிற விஷயம்தான். கருப்பொருளுக்கு வன்னியில் இருக்கிற வேலை இது.

கொழும்பிலும் சென்னையிலும் பிளேலிஸ்ற் போடுகிறவர்கள் மனநிலையை வைத்துத்தான் பெரும்பாலும் தொகுக்கிறார்கள். மழை நேரம், தனிமை, இரவுப் பயணம், பிரிவு. காதில் இயர்போன் கொழுவிக்கொண்டு தனிய இருக்கிற ஆளுக்கு அது சரி. பக்கத்து ஊர் ஆச்சி, கம்பஸ் பெடியன், உழவு மெஷின் ஓடுகிறவர் எல்லாரும் பக்கத்தில் பக்கத்தில் கதிரை போட்டு இருக்கிற இடத்தில் "தனிமை" என்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யேலாது. அவர்கள் எல்லாருக்கும் பொதுவாய் இருக்கிறது இடமும் பருவமும் தொழிலும். கருவை அதற்குள்ளிருந்து எடுங்கள்.

இது ஒன்றும் புதுச் சரக்கில்லை. இலங்கை வானொலியில் "இசையும் கதையும்" கேட்டு வளர்ந்த சனம் நாங்கள். ஒரு கதையை வாசித்துக்கொண்டு போவார்கள், கதை திரும்புகிற இடத்தில் அதற்கேற்ற பாட்டு வரும். கருப்பொருள் வைத்த பிளேலிஸ்ற் என்று நீங்கள் சொல்வதை எங்கள் தாய்மார் அடுப்படியில் நின்று கேட்டிருக்கிறார்கள். இன்னும் பின்னுக்குப் போனால் கூத்து. முள்ளியவளைப் பக்கத்துக் கோவலன் கூத்தையும், மன்னாரில் வடபாங்கு தென்பாங்கு என்று இரண்டு பாங்கில் ஆடுகிற நாட்டுக்கூத்துகளையும் நினைத்துப் பாருங்கள். விடிய விடியப் பாட்டு. சினிமாப் பாட்டு ஒன்றுகூட இல்லை. ஆனாலும் சனம் பாய் விரித்து இருந்தது, அடுத்தது என்ன நடக்கும் என்று தெரிந்த கதையைத் தொடர்ந்துகொண்டு. "தெரியாத பாட்டுக்குச் சனம் இராது" என்கிறவர்களுக்கு இந்த ஒரு மறுமொழி போதும்.

கோஷ்டிகளைப் பற்றி இளக்காரமாய்க் கதைக்கிற பழக்கம் சொந்தப் பாட்டுக்காரரிடம் இருக்கு. எனக்கு அதில் உடன்பாடில்லை. திருவிழா மேடைகளில் கனகாலம் மிக்ஸருக்குப் பின்னால் இருந்தவன் என்றபடியால் சொல்கிறேன், ஐந்து மணித்தியாலம் சுருதி பிசகாமல் வாசிக்கிற கீபோட்காரர் எங்கள் ஊரில் இருக்கினம். நிதி கனகரட்ணமும் ஏ. ஈ. மனோகரனும் ஈழத்துப் பொப்பைப் பிரபலமாக்கின காலத்தில் அந்தப் பாட்டுகளை ஊர் ஊராய்க் கொண்டு போனதிலும் கோஷ்டி மேடைகளுக்குப் பங்கு உண்டு. உங்களுக்கு ஒக்டபாட் (தட்டி வாசிக்கிற மின் தாளக்கருவி) வாசிக்க, தபேலா வாசிக்க ஆள் தேவையென்றால் முதலில் அங்கேதான் கேளுங்கள்.

ஆனால் கோஷ்டியின் ஒலி அமைப்பை அப்படியே எடுக்காதேங்கோ. திருவிழாவில் எக்கோவை அள்ளிப் போடுவார்கள். சினிமாப் பாட்டின் வரி எல்லாருக்கும் மனப்பாடம், அதனால் சொல் கரைந்தாலும் காது தானே நிரப்பிக்கொள்ளும். உங்கள் பாட்டின் வரி ஒருதருக்கும் தெரியாது. ஒரு சொல் கரைந்தால் அடுத்த அடியும் போச்சு. சவுண்ட்காரரிடம் முதல் வேலையாய் "அண்ணை, எக்கோவைக் கிட்டத்தட்ட நிப்பாட்டிவிடுங்கோ, பாஸையும் குறையுங்கோ, குரல் முன்னுக்கு வரட்டும்" என்று சொல்லுங்கள். அவருக்குப் பிடிக்காது. "சவுண்ட் வறண்டு கிடக்கு" என்பார். ஒரு பாட்டு பாடி முடித்த பிறகு கடைசி வரிசையில் இருக்கிற ஆளிடம் ஒரு வரியைத் திருப்பிச் சொல்லச் சொல்லிப் பாருங்கள். அதுதான் சோதனை.

இனி கருவை எப்படிக் கட்டுவது என்பதற்கு வருவோம். குளம் என்று எடுத்தால் எல்லாப் பாட்டிலும் "குளம்" என்ற சொல் வரவேணும் என்றில்லை. ஒரு போகத்தின் கதையாய் அடுக்குங்கள். புரட்டாதியில் வானத்தைப் பார்த்துக்கொண்டு புழுதி விதைப்பு விதைத்துவிட்டு இருக்கிற ஆள் முதல் பாட்டு. அறிவிப்பு, விளக்கம், "அனைவருக்கும் வணக்கம்" ஒன்றும் வேண்டாம். ஒரு குரல், கிற்றார் மட்டும். இரண்டாவது மழை. மூன்றாவது வான் கதவு திறக்கிறது. 2018 மார்கழி வெள்ளத்தில் அகப்பட்ட சனம் முன்னால் இருக்கும், ஆகவே கொண்டாட்டமும் பயமும் சேர்ந்து வரவேணும். அடுத்தது பெடியள் தூண்டில் போடுகிற சின்னப் பாட்டு. பிறகு வாய்க்கால் தண்ணி முறைக்குச் சண்டை பிடிக்கிற இரண்டு பக்கத்து வயல்காரர். இதைக் கேள்வி மறுமொழியாய், பகிடியாய், றாப் பாணியில் செய்யலாம். சண்டைக்கு அந்த நடை பொருந்தும். அதற்குப் பிறகு இரவுக் காவல், பரண், பன்றி. கடைசியில் நெல் அறுக்கிற அரிவு வெட்டும், அதை மிதித்து நெல் எடுக்கிற சூடு மிதிப்பும்.

வன்னியில் பன்றி வயலை அழிக்கிறதைப் பாடுகிற பண்டிப்பள்ளு, குருவி விரட்டுகிற குருவிப்பள்ளு, அரிவு வெட்டில் பாடுகிற சிந்து எல்லாம் இருந்தது. இப்ப வெட்டு மெஷின் வந்து கூட்டமாய் நின்று வெட்டுகிற வேலை போனதோடு பாட்டும் வயலை விட்டுப் போச்சு, ஆனால் வயது போன ஆக்களின் வாயில் இன்னும் கிடக்கு. ஒட்டுசுட்டான், முள்ளியவளை, தண்ணீரூற்றுப் பக்கம் போய் இருந்து கேளுங்கள். அங்கே ஒரு மெட்டு எடுத்தால் அதற்கு கிற்றார் கோட்ஸ் போட்டு நெருக்காமல் உடுக்கோ மத்தளமோ சல்லரியோ மட்டும் வைத்துப் பாருங்கள். யாரிடம் படித்தீர்கள் என்று மேடையில் பெயர் சொல்லுங்கள். முடிந்தால் அவரையே கூட்டிவந்து முன்வரிசையில் இருத்துங்கள். அவர் வந்தால் அவர் ஊரில் பாதி வரும் என்பது தனிக்கதை.

உங்களிடம் ஆறு பாட்டு இருக்கு. முக்கால் மணித்தியாலத்துக்கு ஒன்பது பத்துப் பாட்டு வேணும். மிச்சத்துக்கு இரண்டு நாட்டார் பாட்டு, ஒரு கூத்து மெட்டு, எல்லாருக்கும் தெரிந்த ஒரு பாட்டு. தெரிந்த பாட்டைத் தொடக்கத்தில் வைக்க வேண்டாம், வைத்தால் "அடுத்தது என்ன படம்?" என்று கேட்கத் தொடங்குவினம். நடுவில், சனம் கொஞ்சம் களைத்துப் போகிற ஏழாம் எட்டாம் இடத்தில் வையுங்கள். பிறருடைய பாட்டை மேடையில் பாடுவதற்கும் உரிமையாளர் இருக்கிறார் என்பதை மறக்க வேண்டாம். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆக்கியவரின் ஆயுளும் அதற்குப் பிறகு 70 வருடமும் பதிப்புரிமை உண்டு. ஊர் மேடையில் ஒருதரும் வந்து கேட்பதில்லை, ஆனால் அதையே யூரியூப்பில் ஏற்றினால் மெஷினே கண்டுபிடித்து உங்கள் வருமானத்தை உரிமையாளர் பக்கம் திருப்பிவிடும். ஏற்றுகிற வீடியோவில் சொந்தப் பாட்டும் நாட்டார் பாட்டும் மட்டும் இருக்கட்டும்.

அடுக்கும்போது கதையோடு சுருதியையும் பாருங்கள். ஆண் குரல் சுருதி அளவில் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையில் நிற்கும், உங்கள் குரல் ஐந்து, ஐந்தரையில் நிற்கும். மாறி மாறி வைத்தால் ஒவ்வொரு பாட்டுக்கும் கேப்போ (கிற்றார் கழுத்தில் போடுகிற கவ்வி) மாற்றி, சுருதி பார்த்து, தொண்டையைச் செருமி என்று நிகழ்ச்சி துண்டு துண்டாய்ப் போகும். இரண்டு மூன்று பாட்டை ஒரே சுருதியில் சேர்த்து வையுங்கள். சுருதி மாற்ற வேண்டிய இடங்களில்தான் இணைப்புக் கதை வரவேணும். கிற்றாரைத் திருத்துகிற ஆளைக் கதைக்கவும் விடாதேங்கோ. கதை சொல்ல ஒரு ஆள், முழு நிகழ்ச்சிக்கும் அவர்தான். ஒரு இணைப்பு அரை நிமிடம், மிஞ்சினால் முக்கால் நிமிடம். பாட்டின் பொருளை முன்கூட்டியே விளக்கவேண்டாம். "அந்த வருஷம் தை பிறந்தும் வெள்ளம் வத்தேல்ல" என்கிற மாதிரி ஒரு செய்தி, அவ்வளவும் காணும்.

இடம். பெரிய மைதானத்துக்கு ஆசைப்பட வேண்டாம். 2024 பெப்ரவரி 9 இல் யாழ் முற்றவெளியில் ஹரிஹரன் நிகழ்ச்சியில் சனம் தடுப்பை உடைத்துக்கொண்டு முன்னுக்கு வந்து நிகழ்ச்சி குழம்பினதைக் கண்டிருப்பீர்கள். அவ்வளவு சனம் உங்களுக்கு வராது என்பது வேறு கதை, ஆனால் திறந்த வெளியில் சின்னக் கூட்டமும் சிதறித்தான் நிற்கும். வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபல் இறங்கும். மோட்டச்சைக்கிளில் இருந்தபடி தூரத்தில் நின்று பார்க்கிறவனுக்காகப் பெரிய ஸ்பீக்கர் பொக்ஸ் எடுத்தால் காசும் போகும், முன்னுக்கு இருக்கிறவர் காதும் போகும். கதிரையைக் கிட்டக் கிட்டப் போட்டு, மேடையை ஒரு அடிக்கு மேல் உயர்த்தாமல் செய்யுங்கள். கிளிநொச்சியில் கூட்டுறவாளர் மண்டபம், வவுனியாவில் மாநகரசபைக் கலாசார மண்டபம் மாதிரியான இடங்கள் இருக்கு. அதைவிடச் சனசமூக நிலைய முற்றமும் நல்ல மரநிழலும் முதல் நிகழ்ச்சிக்கு எனக்குப் பிடிக்கும். தகரக்கூரை மண்டபம் என்றால் மழைக்காலத்தில் எடுக்க வேண்டாம். மழை தகரத்தில் விழத் தொடங்கினால் எந்த மைக்கும் உதவாது.

காலமும் அப்படித்தான். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை மழை. வைகாசி கழியச் சோளகக் காற்றுப் பிடித்துவிடும்; மேடைக்குப் பின்னால் கட்டுகிற பிளெக்ஸ் பாய்மரம் மாதிரி இழுக்கும், மைக்கில் காற்று இரைந்து குரலை விழுங்கும். அந்த மாதங்களில் மண்டபத்துக்குள் போங்கள், வெளியில்தான் என்றால் மைக்குக்குப் பஞ்சு உறை போடாமல் தொடங்க வேண்டாம். மழைக்காலப் போகமான காலபோகம் வெட்டி நெல் வித்துக் கையில் கொஞ்சம் காசும் மனதில் கொஞ்சம் ஆறுதலும் இருக்கிற மாசி, பங்குனிதான் நல்ல காலம். பங்குனி உத்தரத்துக்குப் புளியம்பொக்கணைப் பொங்கல், வைகாசி விசாகத்துக்கு வற்றாப்பளைப் பொங்கல். அந்த நாட்களில் நீங்கள் கச்சேரி வைத்தால் உங்கள் தாய் தகப்பனே வரமாட்டினம். மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் நினைவு வாரமும் மாவீரர் நாள் வருகிற நவம்பர் கடைசியும் ஊர் அமைதியாய் இருக்கிற காலம், அதில் கைவைக்க வேண்டாம்.

போர் நினைவைக் கருவாய் எடுக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாரோ ஒருவர் உங்களிடம் கட்டாயம் கேட்பார். என் அபிப்பிராயம்: முதல் நிகழ்ச்சிக்கு வேண்டாம். இழப்பு உங்கள் பாட்டுக்குள் தானாய் வரும். போர்க் காலத்து ஓமந்தைச் சோதனைச்சாவடியைப் பற்றி ஒரு வரி வந்தால் காணும், ஆட்கள் மிச்சத்தைத் தாங்களே நினைத்துக்கொள்வார்கள். கண்ணீரைச் சொல்லி நோட்டீஸ் அடிப்பது எனக்குக் கூச்சமாய் இருக்கு. இன்னொன்று, கூட்டத்தில் இருந்து யாராவது அந்தக் காலத்து இயக்கப் பாட்டு ஒன்றைப் பாடச் சொல்லிக் கத்துவார். பாடுவதா, சிரித்துக்கொண்டு கடந்து போவதா என்று நாலு பேரும் முன்னமே பேசி வைத்திருங்கள். 1979 இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் என்கிற ஒன்று இருக்கிற நாடு இது, மேடையில் நின்று முடிவெடுக்கிற விஷயம் இல்லை.

ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எடுக்கவேணும். 2007 இல் உயர் நீதிமன்றம் இட்ட கட்டளைக்குப் பிறகு இரவு 10 மணி தொடக்கம் காலை 6 மணி வரை வழமையாய் அனுமதி கிடையாது. உங்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, ஏனென்றால் நீங்கள் பின்னேரம் நாலரைக்குத் தொடங்கி ஆறரைக்குள் முடிக்கவேணும். ஏ9 வீதியை விட்டு உள்ளுக்குப் போகிற பஸ் இருட்டின பிறகு குறைவு, சில பாதைகளில் யானை. பொம்பிளைப் பிள்ளைகளும் வயது போனவர்களும் வரவேணும் என்றால் அவர்கள் வீடு திரும்புகிற நேரத்தை வைத்துத்தான் நிகழ்ச்சியை அளக்கவேணும். வேறு ஒரு வசதியும் உண்டு. மின்சாரக் கட்டணக் கணக்கில் மாலை 6.30 தொடக்கம் 10.30 வரை உச்சப் பாவனை நேரம், கிராமத்தில் அந்த நேரம் லைற் மங்கும். வோல்ற்றேஜ் இறங்கினால் டிஜிற்றல் மிக்ஸர் நின்று திரும்ப எழும்பும், அதற்குள் பாட்டு செத்துவிடும். மிக்ஸருக்கும் கீபோட்டுக்கும் ஒரு யூபிஎஸ் வையுங்கள்.

ரிக்கெற் வைத்தால் உள்ளூராட்சி சபைக்குக் கேளிக்கை வரி வரும், முன்கூட்டிக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் தடவை வாசலில் காசுப் பெட்டி வைப்பது நல்லது. வெளிநாட்டில் இருந்து காசு தருகிறேன் என்று யாராவது வந்தால் வாங்குங்கள், பெயரைத் தாளில் போடுங்கள், பாட்டைத் தெரிவு செய்கிற வேலையை மட்டும் கொடுக்காதேங்கோ. பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர், மங்கல விளக்கு, ஆசியுரை, பொன்னாடை என்று தொடங்கினால் முதல் பாட்டுக்கு முன்னமே இருட்டிவிடும். நிகழ்ச்சி ஒன்றில் நன்றியுரைக்கு எழும்பினவர் முக்கால் மணித்தியாலம் பேசினதை நான் மிக்ஸரடியில் இருந்து கேட்டவன்.

பிளேலிஸ்ற்றை மேடைக்குப் பிறகு செய்யுங்கள். எந்த வரிக்குச் சனம் தலையை நிமிர்த்தியது, எந்த இடத்தில் போனைப் பார்த்தது என்று மேடை சொல்லிவிடும், அதை வைத்து ஒலிப்பதிவு செய்தால் செலவும் வீணாகாது. ஸ்பொட்டிஃபை 2021 இல் இலங்கைக்கு வந்துவிட்டது. அங்கே ஒரு பாட்டு 30 செக்கனாவது ஓடினால்தான் கேட்டதாய்க் கணக்கு, ஆகவே நீண்ட கீபோட் முன்னிசையை வெட்டிக் குரலைக் கெதியாய்க் கொண்டு வாருங்கள். ஆனால் அது பெரும்பாலும் கொழும்புக்கும் லண்டனுக்கும் ரொறொன்ரோவுக்கும். ஊருக்கு யூரியூப்பும் வட்ஸ்அப்பும், எல்லாவற்றுக்கும் மேலாய் பஸ்ஸும்.

பஸ்ஸைக் கருவாகவே எடுக்கலாம் என்பது என் கனநாள் யோசனை. வவுனியாவில் ஏறிக் கிளிநொச்சியில் இறங்குகிற ஒரு பயணம். ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், கொக்காவில், முறிகண்டி, இரணைமடுச் சந்தி, கிளிநொச்சி. ஊருக்கு ஒரு பாட்டு. ஓமந்தையில் காத்திருப்பு. புளியங்குளத்தில் பக்கத்தால் யாழ்தேவி ஓடும். 2013 செப்டெம்பரில் ரயில் ஓமந்தையைத் தாண்டித் திரும்பக் கிளிநொச்சிக்கு வந்த நாளை அந்தப் பாட்டுக்குள் கொண்டு வரலாம். மாங்குளச் சந்தியில் முல்லைத்தீவுக்குப் பிரிந்து போகிறவர் இறங்குகிறார். முறிகண்டியில் எந்த வாகனமும் நிற்கும், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் (நிலக்கடலை) வாங்கி, திரும்ப ஏறவேணும். அங்கே பாட்டு வேண்டாம், கச்சான் விற்கிறவர்களின் குரலைப் பதிந்து அரை நிமிடம் போடுங்கள். அதற்கடுத்த பாட்டு எதுவானாலும் எடுபடும்.

செய்து முடித்தபின் அந்தப் பாட்டுகளைப் பென்ட்ரைவில் போட்டு ஏ9 இல் ஓடுகிற மினிபஸ் சாரதிமாருக்குக் கொடுங்கள். வரிசை குழம்பாமல் இருக்க ஒவ்வொரு கோப்பின் பெயருக்கு முன்னாலும் 01, 02 என்று இலக்கம் போடவேணும், பஸ் பிளேயர்கள் பெரும்பாலும் பெயர் வரிசையில்தான் ஓட்டும். பஸ் இரைச்சலுக்குள் கேட்கவேணும் என்பதால் குரலை இன்னும் கொஞ்சம் தூக்கி வேறு மிக்ஸ் ஒன்று எடுங்கள். கடைசிக் கோப்பாய் உங்கள் குரலில் பதினைந்து செக்கன்: யார் நாங்கள், அடுத்த நிகழ்ச்சி எங்கே, எத்தனை மணிக்கு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு.